பக்கி மேல் அறையா, பின்னால் இழுக்கும் கேரவனா? தென்னாப்பிரிக்காவில் புதிதாக முகாம் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு முகாம் என்பது புதிய பொழுதுபோக்கன்று. கடலோரத்தில் தூண்டிலோடு இரவு முழுவதும் தங்குகிறவர்களும், டிசம்பர் விடுமுறையில் தெற்குக் கரையோரம் கூடாரம் அடிக்கிறவர்களும் நம்மிடையே எப்போதும் உண்டு. கூடாரத்தை ஒவ்வொரு முறையும் விரித்துச் சுருட்டிச் சலித்துப்போன ஒரு கட்டத்தில், சக்கரத்தின் மேல் ஓர் அறை இருந்தால் என்ன என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் வந்தவர்களுக்காகவும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை நிமித்தமாக அண்மையில் இங்கு வந்து, இந்த வாகனங்களை முதன்முறையாகப் பார்க்கிறவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். பின்புறம் சரக்குத் தட்டு உள்ள பக்கி வண்டியின் மேல் அறையை ஏற்றி வைப்பது ஒரு முறை. இதில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. சமையல் மேடை, படுக்கை, அலமாரி எல்லாம் அடங்கிய முழு அறையைத் தட்டுக்குள் சறுக்கி ஏற்றி, வேண்டாதபோது நான்கு கால்களில் நிறுத்தி இறக்கிவிடுவது முதல் வகை. தட்டின் மேல் உலோக மூடியைப் பொருத்தி, அதன் கூரை மட்டும் மேலே திறந்து படுக்கையாகும்படி செய்வது இரண்டாம் வகை. ஆலு-கேப் நிறுவனத்தின் கனோப்பி கேம்பர் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். இவற்றுக்கு மாறாக, தனக்கென அச்சும் சக்கரங்களும் கொண்டு, வண்டியின் பின்னால் உள்ள டோ பார் உருண்டையில் மாட்டி இழுக்கப்படுவது கேரவன். ஜூர்கன்ஸ், ஸ்பிரைட், ஜிப்சி என்ற பெயர்களைப் பழைய வாகன விளம்பரங்களில் அடிக்கடி காணலாம்.

முதல் படி: ஓர் ஆண்டின் பயணங்களைத் தாளில் எழுதுங்கள்

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், வரும் ஓராண்டில் உண்மையில் எங்கே போவீர்கள், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை இரவு தங்குவீர்கள் என்று எழுதுங்கள். என் கணிப்பில் தேர்வின் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடும், ஏனெனில் ஓரிடத்தில் ஐந்தாறு இரவு தங்குகிறவருக்குக் கேரவனும், நாளுக்கொரு இடமாக நகர்கிறவருக்குப் பக்கி அறையும் பொருந்தும் என்பதே இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம்.

குரூகர் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குகூசா, லோயர் சாபி, சத்தாரா போன்ற முகாம்களின் வாயில்கள் விடியற்காலையில் திறந்து மாலையில் மூடப்படுகின்றன. நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். விலங்குகளைப் பார்க்க விரும்புகிறவர் வாயில் திறக்கும் நேரத்தில் வெளியே போகத் தயாராக இருக்க வேண்டும். கேரவனில் வந்தவர் அதை மரத்தடியில் அப்படியே விட்டுவிட்டு, வெறும் காரில் புறப்பட்டுவிடுவார். பக்கி அறையில் வந்தவரோ இருட்டிலேயே எழுந்து, மின்கம்பியைக் கழற்றி, படுக்கையைச் சுருட்டி, கூரையை இறக்கிப் பூட்டி, தேநீர்ப் பாத்திரம் உருளாதபடி எடுத்து வைத்துவிட்டுத்தான் நகர முடியும். ஒரு நாள் இது விளையாட்டாக இருக்கும். நான்காம் நாள் வீட்டில் பேச்சு வளரும். பூங்காவுக்குள் தார் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மண் சாலையில் 40 கிலோமீட்டரும் வேக வரம்பு என்பதால் பகல் முழுவதும் வண்டியிலேயே கழியும். அந்தப் பகலில் உயரமான, கனமான அறையைச் சுமந்து திரிவதில் பயனில்லை. மறுபக்கம், குரூகரின் சில மண் சாலைகளில் கேரவனுக்கு அனுமதி கிடையாது என்பதால், ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில் வரைபடத்தைப் பார்த்துத் தார் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனி, மீன் பிடிக்கிறவர்களின் கணக்கைப் பாருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி மீன் கூட்டம் தெற்குக் கரையோரமாக மேலேறி வரும்போது, இன்று ஹிப்பர்டீன், நாளை ஸ்காட்பர்க், அதற்கடுத்த நாள் பார்க் ரைனி என்று செய்தி மாறிக்கொண்டே இருக்கும். கேரவனைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். இத்தகையவருக்குப் பக்கி மேல் ஒரு படுக்கையும், ஒரு குளிர்பெட்டியும், தூண்டில் குழாய்களும் இருந்தால் போதுமானது. ஆனால் பக்கி இருப்பதால் கடற்கரை மணலிலேயே இறக்கிப் படுக்கலாம் என்று எண்ண வேண்டாம். 2002 முதல் இந்நாட்டின் கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக வாகனம் ஓட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. கடலோர நிறுத்துமிடங்களில் இரவு தங்கலாமா என்பதையும் அந்தந்த ஊரில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

டிராக்கன்ஸ்பர்க் மலையில் இரண்டும் செல்லும் இடங்கள் உண்டு. ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமுக்குக் கேரவன் சிரமமின்றிப் போய்ச் சேரும். சானி கணவாய் வேறு கதை. அண்டர்பர்க், ஹிம்வில் வழியாக லெசோத்தோவுக்கு ஏறும் அந்தப் பாதையின் உச்சி 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கேரவனைப் பற்றிப் பேச்சே இல்லை. பக்கியில்கூட முழு அறையை விட இலேசான கனோப்பி வகையே அந்தக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஏற்றது. அங்கே போக நினைத்தால் கடவுச்சீட்டும், வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை கடக்க வங்கி தரும் அனுமதிக் கடிதமும் தேவை. அண்மையில் வந்தவர்கள் தங்கள் விசாவின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே சொட்வானா விரிகுடா முகாமின் பாதைகளும் மனைகளும் ஆழ்ந்த மணல். டயரின் காற்றைக் குறைத்து நான்கு சக்கர இயக்கத்தில் போகும் பக்கிக்கு அது வழக்கமான வேலை. சிறிய சக்கரமுள்ள சாலைக் கேரவன் அச்சு வரை புதையும்.

இரண்டாம் படி: உரிம அட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

கேரவனை விலை பேசிவிட்டு, அதை இழுக்கத் தமக்கு உரிமம் இல்லை என்று பின்னர் அறிகிறவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்க ஓட்டுநர் உரிமத்தில் பி பிரிவு, 3,500 கிலோ வரை உச்ச எடை கொண்ட வண்டியையும், அதன் பின்னால் 750 கிலோவுக்கு மேற்படாத இழுவை வண்டியையும் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த 750 கிலோ என்பது இழுவை வண்டி இன்று சுமக்கும் எடையன்று. ஏற்றிய நிலையில் அது எட்டக்கூடிய உச்ச எடையாகப் பதிவில் எழுதப்பட்டது. ஆகவே காலியாக இழுத்தாலும் கணக்கு மாறாது. கேரவன்களில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டுவதால், இ.பி. பிரிவு உரிமம் வேண்டும். அதற்கான தேர்வை இழுவை வண்டி மாட்டிய காரில்தான் கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. அட்டை வடிவ உரிமம் 1998இல் வருவதற்கு முன்பு பழைய 08 பிரிவு வாங்கிய பெரியவர்கள் பலரிடம், மாற்றிய அட்டையில் இ.பி. என்றே இருக்கும். உங்கள் மாமனாரின் அட்டையை வாங்கிப் பாருங்கள்; குடும்பத்தில் ஓர் இழுவை ஓட்டுநர் ஏற்கனவே இருக்கக்கூடும். இன்னொன்று, வேலைக்குப் பயன்படும் என்று இளைஞர்கள் வாங்கும் 10ஆம் பிரிவு, அதாவது சி1, பெரிய லாரியை ஓட்ட அனுமதித்தாலும் 750 கிலோவைத் தாண்டிய கேரவனை இழுக்க அனுமதிப்பதில்லை. வெளிநாட்டு உரிமத்தில் ஓட்டுகிறவர்கள், அதில் இழுவைப் பிரிவு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கி மேல் ஏற்றும் அறை ஒரு சுமையாகவே கருதப்படுவதால், மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்வரை பி உரிமமே போதும். புதியவர்கள் பலர் பக்கியின் பக்கம் சாய்வதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பதில் வியப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: வென்டர் போன்ற சிறிய இழுவை வண்டியின் மேல் கூடாரம் பொருத்தி, 750 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வது. இ.பி. தேர்வுக்கு நேரம் இல்லாத இளம் தம்பதிகளுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

மூன்றாம் படி: கண்ணாடியில் ஒட்டிய வட்டத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டமான லைசென்ஸ் டிஸ்க்கை உற்றுப் பாருங்கள். வண்டியின் எண், தயாரிப்பு ஆகியவற்றோடு இரண்டு எடைகள் அச்சிடப்பட்டிருக்கும். டேர் என்பது வண்டியின் வெற்று எடை. இதில் எரிபொருள் சேராது. ஜி.வி.எம். என்பது ஆட்கள், எரிபொருள், சுமை எல்லாம் சேர்ந்து அந்த வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. விற்பனையாளர் ‘ஒரு டன் பக்கி’ என்று சொல்வதை நம்பிச் செலவு செய்யக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இரண்டு வரிசை இருக்கை கொண்ட இரட்டைக் கேபின் பக்கி ஒன்றின் வெற்று எடை 2,050 கிலோ, உச்ச எடை 2,900 கிலோ என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 850 கிலோ. நிறைந்த 80 லிட்டர் டீசல் ஏறக்குறைய 67 கிலோ. பெரியவர் இருவரும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் 220 கிலோ. குளிர்பெட்டியும் கூடுதல் பேட்டரியும் 60 கிலோ. குடிநீர் 60 லிட்டர், அதுவும் 60 கிலோ. நிறைந்த எரிவாயு உருளை 20 கிலோ. நாற்காலி, மேசை, துணி, அரிசி, மூன்று கால் இரும்புப் பானை எல்லாம் சேர்ந்து 100 கிலோ. கூட்டினால் 527 கிலோ வரும். மீதி 323 கிலோ. நானூறு கிலோவைத் தாண்டும் முழு அறை ஒன்றை இந்த மீதியில் எப்படி அடக்குவது? அடங்காது. மூடியும் திறக்கும் கூரையும் கொண்ட இலேசான வகை அடங்கலாம், அதுவும் உள்ளே எதை ஏற்றுகிறோம் என்று பார்த்து ஏற்றினால்.

இடமும் எடைக்குச் சமமாக முக்கியம். இரட்டைக் கேபின் பக்கியின் தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். ஒற்றைக் கேபினில் அது இரண்டே கால் மீட்டர் அளவுக்கு வரும். குறுகிய தட்டில் நீளமான அறையை ஏற்றினால், அதன் எடைமையம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விடும். அப்போது முன்சக்கரங்களின் பிடி குறைந்து, ஸ்டீயரிங் இலேசாகி, வண்டி மிதப்பதுபோல் தோன்றும். அறையின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும் என்பது விட்டுக்கொடுக்க முடியாத விதி. ஆக, முழு அறை வேண்டுமென்றால் ஒற்றைக் கேபின், குழந்தைகளையும் ஏற்ற வேண்டுமென்றால் இரட்டைக் கேபின் என்ற இக்கட்டில் குடும்பஸ்தர் மாட்டிக்கொள்கிறார். பிராஸ்பெக்டன் ஆலையில், நம் டர்பனிலேயே, ஹைலக்ஸ் தயாராகிறது என்ற பெருமையில் அதைத்தான் வாங்குவேன் என்று நிற்பவர்களும் எந்தக் கேபின் என்ற இந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும்.

கேரவனுக்கும் இதே இரண்டு எண்கள் அதன் சொந்த டிஸ்க்கில் இருக்கும். வெற்று எடைக்கும் உச்ச எடைக்கும் இடையிலான இடைவெளி பல சாலைக் கேரவன்களில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. முன்கூடாரத் துணியும் அதன் கம்பிகளும் மட்டுமே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். இழுக்கும் வண்டியின் கையேட்டில் உள்ள இழுவை வரம்பையும், டோ பாரில் அடித்திருக்கும் எண்ணையும் பார்த்து, எது குறைவோ அதையே வரம்பாகக் கொள்ளுங்கள். ஏற்றிய கேரவனின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது புதியவர்களுக்குச் சொல்லப்படும் பொதுவான அறிவுரை.

பிரேக் விஷயத்தில் சட்டமே அளவு வைத்திருக்கிறது. 750 கிலோ வரையிலான இழுவை வண்டி, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்குள் இருந்தால் பிரேக் இன்றி ஓடலாம். அதற்கு மேற்பட்டவற்றில், முன்வண்டி வேகம் குறைக்கும்போது கேரவன் முட்டித் தள்ளுவதால் தானாக இயங்கும் ஓவர்-ரன் பிரேக் வழக்கமானது. ஆனால் கேரவனின் உச்ச எடை இழுக்கும் வண்டியின் வெற்று எடையை மிஞ்சினால் அது போதாது; ஓட்டுநர் மிதிக்கும்போதே சேர்ந்து இயங்கும் பிரேக் வேண்டும். சிறிய காரில் பெரிய கேரவனை இழுக்க முயல்கிறவர்கள் இங்கேதான் தடுக்கப்படுகிறார்கள்.

கடைசியாக, கேரவனின் மூக்கு எடை, அதாவது டோ பார் உருண்டையை அது கீழே அழுத்தும் எடை. சாலைக் கேரவன்களில் இது 100 கிலோவுக்குள் இருக்கும்படி ஏற்றுவார்கள். சரியான அளவு கையேட்டில் இருக்கும். வீட்டுக் குளியலறைத் தராசை மூக்குக்கு அடியில் வைத்து, அதன் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, மூக்கைத் தாங்கும் சிறிய ஜாக்கி சக்கரத்தை மெல்லச் சுழற்றி இறக்கினால் முள் காட்டும். இந்த எடை இழுக்கும் வண்டியின் சுமைக் கணக்கிலும் சேரும். தாளில் போட்ட கணக்கை ஒரு முறையாவது எடைமேடையில் சரிபார்த்துவிடுங்கள். எடை மீறினால் சாலைச் சோதனையில் அபராதம் வருவதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகிவிடும்.

நான்காம் படி: நீங்கள் ஏறி இறங்கும் சாலையை நினைத்துப் பாருங்கள்

டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் எந்தப் பயணமும் ஏற்றத்தில் தொடங்குகிறது. என்3 நெடுஞ்சாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் ஹில்டனை நோக்கி எழும்; பின்னர் மூயி ரிவர், எஸ்ட்கோர்ட் வழியாக வான் ரீனன் கணவாயில் ஃப்ரீ ஸ்டேட்டுக்குள் ஏறும். நாட்டின் சரக்கு லாரிகள் பெருமளவு ஓடும் வழித்தடம் இது. உங்களுக்கு முன்னால் தவழும் லாரியும், பின்னால் முட்டுவதுபோல் வரும் லாரியும் இல்லாத நேரமே இராது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து இன்ஜினின் வலு குறைகிறது. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் வண்டிகளில் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு வரை இழப்பு இருக்கும். கடல் மட்டத்தில் எளிதாக இழுத்த கேரவன் வான் ரீனனில் இரண்டாம் கியரைக் கேட்பது இதனால்தான்.

இறக்கம் இதைவிடக் கடினம். ஓவர்-ரன் பிரேக் உள்ள கேரவன் நீண்ட இறக்கத்தில் வண்டியை முட்டிக்கொண்டே வருவதால், அதன் பிரேக் இடைவிடாமல் உரசிச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறைத்து, இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி விட வேண்டும். பக்கி அறையிலும் அதே விதிதான், ஆனால் தள்ளுவதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் பதற்றம் குறைவு.

கேரவனுக்கே உரிய ஆபத்து பாம்புபோல் நெளியும் ஆட்டம். கனமான பொருள்களைப் பின்பக்கம் வைத்து மூக்கை இலேசாக்கியிருந்தால், லாரி ஒன்று கடந்து போகும் காற்றிலோ, மலையிலிருந்து வீசும் பெர்க் காற்றிலோ இது தொடங்கிவிடும். அப்போது பிரேக்கை அழுத்துவதும், ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆட்டத்தைத் துரத்துவதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்திருங்கள். வேகம் குறையும்போது ஆட்டம் தானே அடங்கும். கனமானவற்றைக் கேரவனின் அச்சுக்கு மேலேயும் தரையோடு தரையாகவும் வைப்பதே தடுப்பு முறை. பலகையில் 120 என்று இருந்தாலும், கேரவனோடு 90 முதல் 100க்குள் ஓட்டுவது அறிவுடைமை.

பக்கி அறையின் குறை உயரம். வளைவில் சாய்வதும் பக்கக் காற்றில் தள்ளாடுவதும் ஒருபுறம் இருக்க, உயரத்தை மறந்து பேரங்காடியின் அடித்தள நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து கூரையைக் கிழித்துக்கொள்வது வழக்கமான விபத்து. அறையை ஏற்றியதும் உயரத்தை அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். சுங்கக் கட்டணத்தில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மேரியன்ஹில்லிலும் மூயி ரிவரிலும் கேரவன் இழுக்கும் இலகு வண்டியும் முதல் வகுப்பிலேயே கட்டணம் செலுத்துகிறது.

ஐந்தாம் படி: வீட்டு வாசலை அளந்து பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரிவான வாசல், ஒட்டிக் கட்டிய பக்கத்து வீடு, இரு பக்கமும் கார் நிற்கும் குறுகலான தெரு ஆகியவற்றுக்கு நடுவே ஆறு மீட்டர் நீளமுள்ள கேரவனைப் பின்னோக்கித் தள்ளி உள்ளே விடுவது, பார்க்க வரும் அண்டை வீட்டாருக்கு மட்டுமே இன்பமானது. வெளியே தெருவில் விட்டால் காலையில் சக்கரமாவது காணாமல் போயிருக்கும். அடுக்குமாடி வளாகங்களிலோ பல இடங்களில் கேரவன் நிறுத்த விதியே இடம் தருவதில்லை. வாடகைக்கு நிறுத்துமிடம் எடுக்க வேண்டுமென்றால் அந்த மாத வாடகையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். எங்கே நிறுத்தினாலும் சக்கரப் பூட்டும் டோ பார் பூட்டும் கட்டாயம்.

பக்கி அறை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று விற்பனையாளர் சொல்வார். பாதி உண்மை. பக்கியை வார நாள்களில் வேலைக்கு, காய்கறிச் சந்தைக்கு, குழாய்ப் பணிக்கு என்று ஓட்டுகிற நம் குடும்பங்களில், ஞாயிறு இரவு அறையை இறக்கியாக வேண்டும். நான்கு ஜாக்கிக் கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக உயர்த்தி, அறை சமமாக எழுந்ததும் பக்கியை அதன் அடியிலிருந்து விரல் அளவு இடைவெளியில் வெளியே எடுக்க வேண்டும். இதற்குச் சமதளம் வேண்டும். சரிவான வாசலில் நானூறு கிலோ எடையை நான்கு ஒல்லியான கால்களில் நிறுத்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பக்கி தினமும் உழைக்கும் வீடு, வாசலும் சரிவு என்றால், முழு அறை என்ற எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

ஆறாம் படி: யார் யார் வருகிறார்கள்?

பக்கி அறை இருவருக்கு ஏற்றது. சிறு குழந்தையோடு மூவர் சமாளிக்கலாம். பாட்டியோ பெரியம்மாவோ உடன் வருவார்கள் என்றால், நள்ளிரவில் ஏணி இறங்கிக் கழிவறைக்குப் போகும் ஏற்பாடு நடக்கிற காரியமன்று. கேரவனில் தாழ்வான படியும் நிலையான படுக்கையும் இருக்கும். முன்கூடாரத்தை விரித்தால் பிள்ளைகள் அங்கே உறங்குவார்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வண்டி ஓடும்போது கேரவனுக்குள்ளோ பக்கி அறைக்குள்ளோ யாரும் இருக்கக் கூடாது. இருக்கைப் பட்டை எத்தனையோ, பயணிகளும் அத்தனை பேர்தான்.

சமையலைப் பொறுத்தவரை இரண்டிலும் பெரும்பாலும் வெளியில்தான் அடுப்பு எரியும். செப்டம்பர் இறுதிப் பள்ளி விடுமுறை புரட்டாசி விரதத்தோடு சேர்ந்து வருவதால், அப்போது போகிறவர்கள் தங்களுக்கென்று தனித் தட்டும் அடுப்பும் எடுத்துச் செல்வது வழக்கம். முகாமில் உள்ள பிரெய் கம்பியில் எல்லாரும் இறைச்சி சுட்டிருப்பார்கள். குரங்குகளை மறந்துவிட வேண்டாம். குவாசூலு-நேட்டால் முகாம்களில் வெர்வெட் குரங்கு கேரவன் கதவு திறந்திருக்கும் அரை நிமிடத்தில் ரொட்டியோடு போய்விடும். துணிச் சுவருள்ள திறக்கும் கூரைகளையும் விட்டுவைக்காது.

ஏழாம் படி: பழையதை வாங்கும்போது

புதிய முழு அறையின் விலைக்கு நல்ல பழைய கேரவன் ஒன்றும் கையில் மீதியும் கிடைக்கும் என்பதால், பெரும்பாலோர் பழைய கேரவன் சந்தைக்கே வருவார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். கடலோர ஈரத்தில் நின்ற கேரவனில் பூஞ்சை நெடி இருக்கும். ஜன்னலுக்குக் கீழ் மூலையையும் முன்சுவரின் அடிப்பகுதியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை உள்ளே அமிழ்ந்தால் நீர் புகுந்திருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள். கீழே படுத்துச் சட்டத்தின் துருவைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஓடாமல் நின்ற கேரவனின் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தாள்களும் முக்கியம். கேரவனுக்குத் தனிப் பதிவு, தனி எண் பலகை, ஆண்டுக் கட்டணம் எல்லாம் உண்டு. கொல்லைப்புறத்தில் பல ஆண்டுகள் கிடந்த கேரவனில் கட்டணமும் அபராதமும் சேர்ந்திருக்கலாம். அது விற்பவரின் பொறுப்பு என்று பணம் கொடுக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் அடித்துள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். பெயர் மாற்றத்துக்குச் சாலைத் தகுதிச் சான்று தேவை. பக்கி அறைக்கு இந்தத் தாள்கள் எதுவும் இல்லை, ஆனால் அதைக் காப்பீட்டில் தனியாகப் பெயர் குறித்துச் சேர்க்காவிட்டால் திருட்டுப் போனால் ஒன்றும் கிடைக்காது.

எட்டாம் படி: வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்

இரண்டில் எதை வாங்குவதாக இருந்தாலும், அதைப் போன்ற ஒன்றை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். கேரவன் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத பெரிய நிறுத்துமிடத்தில் பின்னோக்கி ஓட்டிப் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கமே கேரவன் போகும். பழைய ஓவர்-ரன் பிரேக்கில், பின்னோக்கிப் போகுமுன் இணைப்பின் மேல் உள்ள தடுப்பு நெம்புகோலைப் போடாவிட்டால், பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி நகராது.

முதல் பயணத்துக்கு ஹோவிக் அருகிலுள்ள மிட்மார் அணை நல்ல தேர்வு. டர்பனிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான், ஆனால் டவுன் ஹில் ஏற்றம் உங்கள் இன்ஜினையும், திரும்பும் வழியில் அதே இறக்கம் உங்கள் பிரேக்கையும் சோதித்துவிடும். முகாமில் மின்சாரம் எடுக்க நீல நிற மூன்று முள் கேரவன் பிளக்கும், தரைக்கு மட்டம் பார்க்க இரண்டு பலகைத் துண்டுகளும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படும்போது ஜாக்கி சக்கரம் முழுவதும் மேலே ஏறியிருக்கிறதா, மூலைக் கால்கள் நான்கும் மடங்கியிருக்கின்றனவா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, பின் விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் மறுபடியும் பார்க்கட்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் பேரிங்கையோ பிரேக்கையோ சரிபார்க்காமல் மேலே செல்லாதீர்கள்; சக்கர நட்டுகளையும் அங்கேயே ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.